மிளகி வாங்கிய தொண்ணூறு

ஒரு காட்டில், கோடை வந்தால் வற்றிப்போகும் ஆறு ஒன்று இருந்தது, குழந்தைகளே. இக்கரையில் முயல்கள் ஒளிந்துகொள்ள வளைகள் ஏராளம். புல்தான் காய்ந்து கிடந்தது. அக்கரையில் புல் பச்சைப்பசேல் என்றிருந்தது; ஒளிய ஒரு பொந்துகூட இல்லை. போதாததற்கு நரியும் அங்கேதான் குடியிருந்தது.

அதனால் முயல்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. ஓட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரையாவது முந்துகிறவர்கள்தான் அக்கரைக்கு மேயப் போகலாம். யாரை முந்த வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

மிளகி என்ற முயலுக்கு நான்கு குட்டிகள். சருகைத் தின்று தின்று அவளுக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. குட்டிகள் பசியில் சிணுங்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு பதறும்.

இதை மோப்பம் பிடித்த நரி ஆற்று மணலுக்கு வந்தது.

"மிளகி, நான் ஒரு பந்தயம் வைக்கிறேன். உன்னோடு சேர்த்து இருபது பேர். நெரிசல் வேண்டாம், மற்றவர்கள் புதருக்கு அந்தப் பக்கம் ஓடுவார்கள். நீ திரும்பிப் பார்க்காமல் ஓடு!"

மிளகி ஓடினாள். எல்லையில் ஓர் உடும்பு மட்டும் அவளுக்கு முன்பே வந்து நின்றது.

"உனக்குப் பின்னால் பதினெட்டுப் பேர்!" என்று நரி குதித்தது. "இருபதில் பதினெட்டு என்றால், நூற்றுக்கு?"

"தொண்ணூறு!" மிளகிக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்புறம் என்ன? நாளைக் காலை அக்கரைக்கு வந்துவிடு."

"வருகிறேன் மாமா. அந்தப் பதினெட்டுப் பேர் யார்?"

"யாராய் இருந்தால் உனக்கென்ன? தொண்ணூறு தொண்ணூறுதானே!" என்று சொல்லிவிட்டு நரி நழுவியது.

மிளகிக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தூக்கம் வராது. புதரைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். அங்கே ஆமைகளும் நத்தைகளும் இன்னும் வந்துகொண்டிருந்தன.

"பந்தயம் முடிந்துவிட்டதா அக்கா?" என்று ஓர் ஆமை மூச்சு வாங்கியபடி கேட்டது.

மிளகி நேரே வளைகளுக்குப் போனாள். பத்தொன்பது முயல்களைக் கூட்டி, அதே தடத்தில் அவர்களோடு ஓடினாள். இப்போது அவளுக்குப் பின்னால் வந்தது மூன்றே பேர். இருபதில் மூன்று, நூற்றுக்குப் பதினைந்து.

"கால் அதே கால். எண் மட்டும் எப்படி இவ்வளவு இறங்கியது?" என்று வியந்தாள். கூட ஓடியவர்கள் மாறிவிட்டார்களே என்பது மெல்லப் புரிந்தது.

அவள் கதையைக் கேட்டு, முதலிரண்டு இடம் பிடித்த முயல்கள் தாங்கள் மேயப் போகும்போது அவளுக்கும் ஆளுக்கொரு வாய் புல் கொண்டுவருவதாகக் கூறின.

மறுநாள் காலை நரி மணலில் நின்று கூப்பிட்டது: "தொண்ணூறு வாங்கியவளே, வா!"

மிளகி வளை வாசலில் நின்றபடியே கேட்டாள்: "ஆமைகளோடு ஓடினால் தொண்ணூறு. முயல்களோடு ஓடினால் பதினைந்து. உங்களோடு ஓடினால் எத்தனை மாமா?"

"ஓடிப் பார்த்தால்தானே தெரியும்!"

"ஓடாமலே தெரியும். எனக்குப் பின்னால் வர அங்கே ஒருவருமே இல்லை, சுழியம்தான். அதை வந்து சொல்ல நானும் இருக்கமாட்டேன்."

நரி வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

நீதி: எத்தனை பேரை முந்தினோம் என்று மகிழும் முன், யாரை முந்தினோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.