திருமூர்த்தி எண்ணிய சுற்றுகள்

திருமூர்த்தி வண்டிக்கு அடியிலிருந்து மல்லாந்தபடி ஊர்ந்து வெளியே வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். முகத்தில் உயிர் இல்லை.

“இதையும் கழட்டிடலாங்க மாஸ்டர்” என்றார்.

எஸ்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாருடைய கார்புரேட்டரையோ பிரித்துப் பெட்ரோலில் ஊறப்போட்டுக் கொண்டிருந்தாள். சிங்காநல்லூரில் அவளுடைய பட்டறைக்குப் பெரும்பாலும் ரேஸ் வண்டிகள்தான் வரும். அவளுக்கு வயது நாற்பத்தொன்று. சீடர் திருமூர்த்திக்கு ஐம்பத்தாறு. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், கையோடு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து, “வேலை கத்துக்குடுங்க” என்று நின்றார். எட்டு மாதமாகிறது. அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார்.

அந்தக் காருக்கு இரண்டே சீட்டு. அந்த ரகத்தில் முதல் தலைமுறை. அதன் டிஃபரென்ஷியல், அதாவது பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து இன்ஜினின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, மருதமலை ஏற்றத்தில் பல் உடைந்து போனது. அடுத்த தலைமுறைக் காரில் அதே பெட்டி பெரியது, பலமானது. உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினால் முடிந்தது என்று திருமூர்த்தி நினைத்தார்.

முடியவில்லை. முதல் தடவை, இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் நீள ஷாஃப்டின் துளைகள் அதோடு பொருந்தவில்லை. அதையும் வாங்கினார். இரண்டாம் தடவை, சக்கரங்களுக்குப் போகும் ஆக்ஸில்கள் உட்காரவில்லை. அவற்றையும் வாங்கினார். இன்று எல்லாம் பொருந்தியிருந்தது.

“இப்ப என்னங்ணா?”

“தப்பான பெட்டிங்க. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஷாஃப்ட் நாலு சுத்தும் கொஞ்சமும் சுத்தணும்னு சொன்னீங்க. ரெண்டும் ஒரு துளியும்தான் சுத்துது. சரிபாதி! உக்கடத்துக்காரன் எதையோ என் தலையில கட்டிட்டான்.”

“எத்தனை தடவை எண்ணுனீங்க?”

“மூணு. சாக்பீஸ்ல கோடு போட்டுத்தான் எண்ணினேன். மில்லுல ஓடற ஸ்பிண்டிலையே எண்ணின கண்ணுங்க இது.”

அவருடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுத் துடைக்காத கையாலேயே எடுத்தார்.

“சொல்லுங்க மாப்ளே… தெரியுது… பத்து நிமிசத்துல சொல்றேன். சொல்றேன்னு சொல்றேன்ல!”

வைத்துவிட்டு டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“யாருங்ணா?”

“மச்சினன். தாராபுரம். வீட்டுக்காரி மரகதம் கோவிச்சுட்டு அங்க போயி பதினோரு நாளாச்சு. ‘வந்து அக்காவைக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல துணிமணியைக் குடுத்துவிடறீங்களா, இன்னிக்கே ஒண்ணு சொல்லுங்க’ங்கறான்.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“குடுத்துவிடறேன்னுதான். எனக்கும் அலுத்துப்போச்சு மாஸ்டர்.”

எஸ்தரின் டீ ஆடை கட்டியிருந்தது. விரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு அப்படியே குடித்தாள்.

“முப்பது வருசம் ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டுன்னு ஓடினேன்” என்றார் திருமூர்த்தி. “இப்பத்தான் மனசு மாறி, இந்த வண்டியையே அவளுக்காக வாங்கினேன். ‘ஊட்டிக்கு வா’ங்கறேன், ‘வால்பாறைக்கு வா’ங்கறேன். அசைய மாட்டேங்கறா. நான் பத்து அடி எடுத்து வெச்சா அவ அஞ்சு அடி வைக்கறதில்லைங்க.”

“ஏன் வரமாட்டேங்கறாங்க?”

“எங்கப்பாவைப் பாத்துக்கணுமாம்.”

“அப்பாவுக்கு என்ன?”

“படுக்கையில கிடக்கறாரு. ஏழு வருசம்.”

“ஏனுங்ணா, இது ரெண்டு சீட்டு வண்டி. ஊட்டிக்குப் போறப்ப அவரை டிக்கியிலயா போடறது?”

“ஆள் வெச்சுக்கலாம்னு சொன்னேனே!”

“வெச்சீங்களா?”

“வண்டி முடியட்டும்னு இருந்தேன்.”

“இப்ப யாரு பாக்கறாங்க?”

“தங்கச்சி வந்திருக்கா. இந்தப் பதினோரு நாள்ல என்னைத் திட்டித் தீத்துட்டா. நாளைக்குக் கெளம்பறா.” திருமூர்த்தி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்களே சொல்லுங்க மாஸ்டர். நான் இந்தச் சுத்து சுத்தியும் பாதிதான் நகருதுன்னா, தப்பு யாரு மேல?”

எஸ்தர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

காரின் முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்னால் வலது பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கியிருந்தார் திருமூர்த்தி. அவர் எண்ணியதும் அந்த வலது சக்கரத்தை மட்டும் கையால் சுற்றித்தான். எஸ்தர் மூலையிலிருந்து இன்னொரு ஜாக்கியை இழுத்து வந்தாள். இடது பக்கத்தையும் தூக்கினாள். இடது சக்கரமும் தரையை விட்டு எழும்பியது.

“இப்பச் சுத்துங்க.”

திருமூர்த்தி வலது சக்கரத்தை முன்னால் சுற்றினார். அந்தப் பக்கம் இடது சக்கரம் தானாகப் பின்னால் சுற்றியது. நடுவே ஷாஃப்ட் அசையாமல் கிடந்தது.

“பாத்தீங்களா! இப்ப அதுவும் போச்சு. நான் முன்னால சுத்தினா அது பின்னால போகுது. பாதியாவது வந்துட்டிருந்துச்சு.”

“இன்னும் வேகமாச் சுத்துங்க.”

சுற்றினார். இடது சக்கரம் அதே வேகத்தில் எதிராகச் சுற்றியது. அவருக்கு மூச்சு வாங்கியது. கையை எடுத்துவிட்டார்.

“எங்க வீட்டுலயும் இதேதாங்க” என்றார்.

எஸ்தர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடது சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டாள். இரண்டு கைகளாலும் டயரைப் பிடித்தாள்.

“மெதுவாங்ணா. என்னை விட்டுட்டு ஓடிராதீங்க. நானும் சுத்தறேன். ஒரே ஒரு சுத்து.”

இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். திருமூர்த்தி தலையைச் சாய்த்து ஷாஃப்டின் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நான்கைத் தாண்டிக் கொஞ்சம் போய்க் கோடு நின்றது.

“இன்னொரு தடவைங்க” என்றார்.

மறுபடியும் சுற்றினார்கள். நாலும் கொஞ்சமும்.

“பெட்டி சரியாத்தான் இருக்குது” என்றார் திருமூர்த்தி. குரல் இறங்கியிருந்தது.

“உம்.”

“உக்கடத்துக்காரனை வேற காலையில கண்டபடி பேசிட்டேன்.”

“அவரு தாங்கிக்குவாரு. நெதம் நாலு பேரு பேசறதுதான்.”

போன் மறுபடியும் அடித்தது. திருமூர்த்தி எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“மாஸ்டர்.”

“சொல்லுங்ணா.”

“பெட்டியும் சரி, ஆக்ஸிலும் சரின்னா, நான் தனியா எண்ணினப்ப மட்டும் ஏனுங்க பாதி வந்துச்சு? அந்தப் பக்கத்துச் சக்கரம் ஏன் ஒரு இஞ்சுகூட அசையலை?”

எஸ்தர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெகுநேரம் குனிந்திருந்த இடுப்பு நிமிரச் சற்று நேரமானது.

“வண்டி அது மேலதான நின்னுட்டிருந்துச்சுங்ணா” என்றாள்.