பட்டறைக்குள் வந்த காற்று

"எம் பட்டறைத் தரைக்கு என்ன போடணும்னு மூணு வாரமா கேக்குதேன். நீங்க வாயத் தொறக்க மாட்டேங்கீங்க" என்றார் ஆவுடையப்பன்.

ஆசாரியம்மா செண்பகவல்லி இழைப்புளியை நிறுத்தவில்லை. தேக்குச் சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது.

ஆவுடையப்பனுக்குச் சுள்ளென்று வந்தது. பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் எஞ்சினியராக இருந்தவர். பெரிய பெரிய ஒப்பந்தக்காரர்கள் அவர் முன்னால் நின்றுகொண்டே பதில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஓய்வுபெற்று, தச்சு வேலை படிக்க ஆசைப்பட்டு, வீட்டுக் கார் ஷெட்டையே பட்டறையாக்கி, தன்னைவிட இருபத்தைந்து வயது இளையவரிடம் ஞாயிறுதோறும் வந்து கைகட்டி நிற்கிறார்.

நிற்பதில் அவருக்குக் குறை இல்லை. செண்பகவல்லி நிலை வைத்தால் ஒரு நூல் பிசகாது என்று தென்காசி முழுக்கப் பேச்சு. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் என்று ஒன்று வர வேண்டாமா?

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு டைல்ஸ் துண்டு, ஒரு ரப்பர் பாய்த் துண்டு, கையகலப் பலகை, சுருட்டிய பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் விழுந்தன.

டைல்ஸில் தூசி தங்காது, ஆனால் உளி விழுந்தால் முனை போச்சு. ரப்பர் காலுக்கு இதம், ஆனால் அதன் சின்னச் சின்ன ஓட்டையில் எல்லாம் தூள் ஏறிக்கொள்ளும். பலகை என்றால் இடுக்கில் தூள் அடையும். பிளாஸ்டிக் விரிப்பு துடைக்கச் சுலபம், ஆனால் வழுக்கும். இத்தனையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"துடைக்கச் சுலபம்னு யாரு சொன்னா?"

"கடைக்காரரு."

"அவரு துடைச்சுப் பாத்தாராமா?"

இது ஒரு கேள்வியா? ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று சொன்னார். அவர் மனைவி உலகம்மாளுக்குப் பங்குனியிலிருந்து இருமல். ஆடி பிறந்தும் விட்டபாடில்லை. போன வாரம் இருமி இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டாக்டர் மருந்து கொடுத்தார். தூசிதான் காரணம், தூசிப் பக்கமே போகக்கூடாது, இப்படியே போனால் மூச்சுக்கே வினையாகும் என்றும் சொன்னார்.

"அவ பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டா. தூசிதான் வீட்டுக்குள்ள தேடி வருது. கார் ஷெட்டுல வெறும் சிமெண்டுத் தரை. பொடித்தூள் அதுல ஒட்டிக்கிட்டு நான் நடக்கையில கிளம்புது. சரியான தரையாப் போட்டா நின்னுரும். அதைத்தான் கேக்குதேன்."

கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. சுவரைப் பிடித்த அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை.

செண்பகவல்லி இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"தினம் எவ்வளவு சீவல் விழும் அண்ணாச்சி?"

"அரைச்சாக்கு விழும்."

"அது எங்க போகுது?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஆவுடையப்பன் பென்சிலை எடுத்து ஒரு பலகையில் படம் போட்டார். ஷெட்டின் முகம் மேற்கே. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக அதன் மேல் மோதும். ஷட்டரை அரை அடி தூக்கிவிட்டு அவர் படுக்கப் போவார். பின்பக்கம் கொல்லைக் கதவு. காற்று முன்னால் நுழைந்து, சீவலையெல்லாம் தள்ளிக்கொண்டு பின்னால் போய்விடும். காலையில் அவர் எழுந்து வந்து பார்த்தால் தரை கண்ணாடி மாதிரி இருக்கும். ஒன்றரை வருஷமாக ஒரு நாளும் அவர் வாரியலைத் தொட்டதில்லை.

"போன சீவல் எங்க கெடக்கு?"

"கொல்லையில. தென்னை மரத்து மூட்டுல."

"சிதறியா?"

"குவியலா."

செண்பகவல்லி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐப்பசியில இந்தக் காத்து கெடையாதே அண்ணாச்சி."

"அப்ப வாடைக்காத்து. அது வடகிழக்க இருந்து அடிக்கும்."

"அப்பன்னா சீவல் முன்வாசல்ல வந்து விழுந்திருக்கணும்லா?"

ஆவுடையப்பன் பலகையைத் திருப்பி வைத்துப் படத்தைப் பார்த்தார். ஐப்பசியிலும் குவியல் தென்னை மரத்தடியில்தான் இருந்தது.

"சுழற்சின்னு ஒண்ணு இருக்கு. அதெல்லாம் படிச்சாத்தான் தெரியும்" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செண்பகவல்லிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வாரேன். அந்தக் காத்தை நான் பாக்கணும்" என்றார். சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுத் தன் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டார்.

ஆவுடையப்பன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொருமினார். ஓர் எஞ்சினியர் படம் போட்டுக் காட்டியும் நம்பாமல், விடியுமுன்னே வந்து சோதிப்பார்களாம். கேட்டது தரையைப் பற்றி. இவர் காற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். இதில் குரு என்று பெயர்.

உலகம்மாளிடம் சொல்லவில்லை. சொன்னால் வருகிறவருக்குக் காப்பி போட நாலு மணிக்கே எழுந்துவிடுவாள். இருமலில் பாதி ராத்திரி தூக்கமில்லாதவள், நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தார்.

ஏழு மணிக்கு எழுகிற மனிதர், மறுநாள் அலாரம் வைத்து நாலே முக்காலுக்கு எழுந்தார். உலகம்மாளின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சாமி அறையில் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டு சத்தமில்லாமல் வாசலுக்குப் போனார்.

செண்பகவல்லி வந்து நின்றிருந்தார். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, பையோடு நடந்து வந்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்துக் காற்றே இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட ஆடவில்லை. ஆடி மாதத்துத் தென்காசியில் இப்படியும் ஒரு காலையா என்று ஆவுடையப்பனுக்கு வானத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. இன்று ஒரு நாளை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று ஆரம்பித்தார்.

செண்பகவல்லி உதட்டில் விரல் வைத்தார்.

பட்டறைக்குள்ளிருந்து சரக், சரக் என்று சத்தம் வந்தது.

பக்கவாட்டு ஜன்னலுக்கு அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினார். உள்ளே விளக்கு எரிந்தது.

உலகம்மாள் முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டியிருந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேலை மேசைக்கு அடியிலிருந்த சீவலை வாரியலால் இழுத்துக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் தூள் அவளைச் சுற்றிப் புகையாக நின்றது.

அவர் நேற்று எடுக்க மறந்த உளி தரையில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, அதற்குரிய துளையில் செருகினாள். அவருக்கு அது எந்தத் துளை என்று எப்போதும் குழம்பும். அவளுக்குக் குழம்பவில்லை.

ஓலைப்பெட்டியில் அள்ளி, இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகப் போனாள். தென்னை மரத்தடியில் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். வாயைப் பொத்தி, சத்தம் வீட்டுக்குள் கேட்டுவிடாதபடி இருமினாள்.

பிறகு மறுபடி குத்துக்காலிட்டாள். இன்னும் பாதித் தரை இருந்தது.

ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் கோபம். யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை.

"ஒரு வார்த்தை, ஒத்த வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா இவ?" என்றார்.



பொங்கலுக்கு மருமகன் வந்திருந்தபோது காகிதத்தில் படம் போட்டு இந்தக் காற்றை விளக்கியது அவருக்கு ஞாபகம் வந்தது. காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்ற உலகம்மாள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். புருஷனை நினைத்துப் பூரிக்கிறாள் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டார். இன்னும் உற்சாகமாக, அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினார்.

உள்ளே சரக், சரக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

செண்பகவல்லி பையை அவர் கையில் கொடுத்தார். டைல்ஸும் ரப்பரும் பலகையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஆசாரியம்மாவின் முகம் சிவந்திருந்ததை அப்போதுதான் அவர் பார்த்தார்.

"காத்து இன்னும் பாதித் தரைதான் வந்திருக்கு அண்ணாச்சி. உள்ள போயி, என்ன போடணும்னு அதுகிட்டயே கேளுங்க."