நான்கு விரல் அகலம்

செண்பகாவிடம் டென்னிஸ் கற்றவர்களில் வயதில் மூத்தவர் சிதம்பரவேல். கற்றுக்கொடுப்பவருக்கு முப்பத்தொன்று, கற்றுக்கொள்பவருக்கு ஐம்பத்தொன்பது. முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, தூத்துக்குடியில் ஒரு மனமகிழ் மன்றத்தின் செம்மண் திடலில் புது மட்டையோடு வந்து நின்றார் மனுஷர்.

அவரை அங்கே இழுத்து வந்தவர் தனிஸ்லாஸ். பக்கத்துத் தெருக்காரர், முப்பது வருடச் சினேகிதர், இருபது வருடமாக அந்தத் திடலில் ஆடுகிறவர். வீட்டில் உட்கார்ந்தால் சண்டைதான் வரும், வந்து ஓடும் வே என்று கையோடு கூட்டிவந்து செண்பகாவிடம் ஒப்படைத்தார்.

சிதம்பரவேல் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. காலை ஐந்தரைக்கே திடலுக்கு வந்துவிடுவார். கயிறு கட்டி, சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டு, கோடுகளைத் தானே போடுவார். திடல்காரர் போடும் கோடு அவர் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். பிறகு தனியாக நின்று பந்தை மேலே போட்டு நூறு சர்வீஸ் அடிப்பார்.

நூறும் முடியும்போது, பின்கோட்டில் அவர் நின்ற இடத்தில் சுண்ணாம்பு அழிந்திருக்கும். பந்தை அடித்த வேகத்தில் கால் கோட்டைத் தாண்டி உள்ளே விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். அதில் அழிகிறது என்று நினைத்தார். அடுத்து ஆடுகிறவர்களுக்குத் திடல் பளிச்சென்று இருக்கட்டுமே என்று அழிந்த இடத்தை மறுபடி பூசிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

செண்பகா ஏழு மணிக்கு வருவார். வலையோரம் நின்று அவருடைய முழங்கையைத் திருத்துவார். ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. சர்வீஸ் நன்றாகவே விழுந்தது. பந்து எதிராளியின் இடுப்புக்கு மேலே சீறிக்கொண்டு எழும்பியது.

போன ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் மூத்தோர் இறுதி ஆட்டம். சிதம்பரவேலுக்கு எதிரே தனிஸ்லாஸ். நடுவர் கிடையாது, தத்தம் பக்கத்தில் பந்து உள்ளேயா வெளியேயா என்று தாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவது செட் இழுபறியில் நின்றபோது தனிஸ்லாஸ் கையைத் தூக்கினார்.

“அடிக்கதுக்கு முன்னாடியே உம்ம கால் கோட்டுல கெடக்கு வே.”

பந்தை அடிக்கும் முன்பு கால் கோட்டைத் தொட்டால் அந்த சர்வீஸ் செல்லாது. டென்னிஸ் ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்த விதி. சிதம்பரவேலுக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஊருக்கே கோடு போட்டவன்ட்ட நீரு கோடு காட்டுதீரா? கண்ணுல ஆபரேஷன் பண்ணியும் வெளங்கலயாக்கும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. மிச்ச ஆட்டத்தை ஒரு வார்த்தை பேசாமல் ஆடினார், தோற்றார், கை கொடுத்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு திடலுக்கு வரவில்லை. தெருவில் பார்த்தபோது மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, சிதம்பரவேல் செண்பகாவிடம் முறையிட்டார். கோப்பை வீட்டில் இருக்கிறது, ஆனால் பார்க்கிறவனெல்லாம் ஒரு மாதிரி பார்க்கிறான் என்றார். முப்பது வருடப் பழக்கம் தனிஸ்லாஸ் சொன்ன ஒரு பொய்யால் போயிற்றே என்றார்.

“நீங்க என் சர்வீஸை ஒன்றரை வருசமா பாக்கீங்க, மேடம். நீங்களே சொல்லுங்க. என் கால் கோட்டுல படுதா?”

செண்பகா பின்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு ஏழு மணிக்கு வந்தால் போதும், கோட்டை நான் போட்டு வைக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

சிதம்பரவேலுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் மறுநாள் ஏழுக்குத்தான் வந்தார். கோடு போட்டுக் காய்ந்திருந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் அதைச் சொல்லும் மனநிலையில் அவர் இல்லை.

“சர்வீஸுக்கு நில்லுங்க, சார். பந்தை மேல போடுங்க. அடிக்க வேண்டாம்.”

“அடிக்காமலா?”

“மட்டையைத் தூக்குங்க, முழங்காலை மடக்குங்க, எப்பவும் போல எல்லாம் பண்ணுங்க. அடிக்கிற நேரத்துல அப்படியே நின்னுடுங்க. பந்து கீழ விழட்டும். குனிஞ்சு பாக்க வேண்டாம். நான் சொல்றவரைக்கும் பண்ணுங்க.”

இதென்ன விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே பந்தை மேலே போட்டார். அது விழுந்தது. அடுத்ததைப் போட்டார், அதுவும் விழுந்தது. செண்பகா இந்த முறை வலையோரம் போகவில்லை. பின்கோட்டின் ஓரத்தில் தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது பந்துக்கே அவர் முகம் மாறிவிட்டது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

இருபது பந்து ஆயிற்று.

“போதும், சார். இப்ப பாருங்க.”

சிதம்பரவேல் குனிந்தார்.

இடது காலுக்கு நேரே கோடு இல்லை. நான்கு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு துடைத்து எடுத்தமாதிரி போயிருந்தது, செம்மண் தெரிந்தது. இடது ஷூவின் நுனி முழுக்க வெள்ளை. ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. ஒரு தடவைகூட உள்ளே கால் வைக்கவில்லை.

ஷூவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், திரும்ப ஷூவைப் பார்த்தார். மட்டை கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கவும் தோன்றவில்லை. தலைக்குள் கணக்கு ஓடியது. நாளுக்கு நூறு, ஒன்றரை வருடம். அத்தனையும் செல்லாத சர்வீஸ். அத்தனையையும் ஒழுங்காக, ஒரு நாள் தவறாமல், வியர்க்க வியர்க்கப் பழகியிருக்கிறார். அடித்தபின் அழிகிறது என்று அவர் நம்பிய இடம், அடிக்கும் முன்பே அழிந்துகொண்டிருந்திருக்கிறது.

அதைவிட மோசமான இன்னொன்று மெதுவாக உறைத்தது. தினமும் காலையில் அந்த இடத்தைப் பூசியது யார்? இவர்தான். இந்தக் கையால்தான். வேறு எவனும் வந்து மூடவில்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க ஏன் சொல்லல, மேடம்?”

“நான் முழங்கையைப் பாத்தேன், சார். பந்து எங்க விழுதுன்னு பாத்தேன். நல்லா விழுந்துச்சு, எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. காலைப் பாக்கல. அது என் தப்பு.” செண்பகா குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். “நேத்து நீங்க கேட்டப்ப எனக்குப் பதில் தெரியல. இப்பதான் எனக்கும் தெரியுது.”

அது இன்னொரு அடி. கற்றுக்கொடுத்தவரும் பார்க்கவில்லை, தனியாகப் பழகியவரும் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்று அடி வாங்கியவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். அந்தக் கண்ணைத்தான் ஊரே சிரிக்கும்படி பேசியாயிற்று.

பக்கத்துத் திடலில் யாரோ பந்து தட்டும் சத்தம் கேட்டது.

காலை மாற்றி வைத்துப் பழக எவ்வளவு நாள் ஆகும் என்று சிதம்பரவேல் கேட்டார். ஆறு மாதம் ஆகலாம், அதுவரை சர்வீஸ் முன்னைவிடக் கெட்டுத்தான் போகும், பிறகு சரியாகும் என்றார் செண்பகா. சிதம்பரவேல் தலையாட்டினார். அது அவருடைய கவலை இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

சிதம்பரவேல் எழுந்தார். என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சுவரோரம் போய்ச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அழிந்த இடத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து தூரிகையை நனைத்தார். செண்பகா தூரிகையைப் பிடித்துக்கொண்டார்.

சிதம்பரவேல் தன் கையைப் பார்த்தார். இப்போதுகூட அது பூசி மூடப் போய்விட்டதே என்று பயந்துபோனார்.

“அந்த ஆளு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன், மேடம்? போய் என்ன சொல்லுவேன்?”

செண்பகா வாளியை எடுத்துத் தள்ளி வைத்தார்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம், சார். திடலுக்குத் தண்ணி தெளிக்க ஒன்பது மணிக்கு வந்துடுவாங்க, இது கலைஞ்சு போயிடும். அதுக்குள்ள அவரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க.”