கதவடியில் ஓர் அரைச் செங்கல்

ஓர் ஊரில் அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் பெரிய வகுப்பறைக்குத் தேக்குக் கதவு. கதவின் அடியில் ஓர் அரைச் செங்கல்.

அதை வைத்தது நாட்டின் சட்டம். ஒருநாள் வெயிலில் நடந்து வந்தது. "தேவாரம் சொல்லிக்கொடுங்கள், தப்பில்லை. அந்த நேரத்தில் கதவைச் சாத்தாதீர்கள். இருக்கிற பிள்ளை இருக்கட்டும், போகிற பிள்ளை போகட்டும்" என்று சொல்லிச் செங்கல்லை வைத்துவிட்டுப் போனது. அதற்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை.

கதவுக்குச் செங்கல்லைக் கண்டாலே ஆகாது.

"உன்னை எங்கேயிருந்துடா எடுத்தாங்க?"

"கக்கூஸ் கட்டினதுல மிச்சம்னு சொன்னாங்க."

"நான் தேக்கு. தாளாளரோட தாத்தா செஞ்சு போட்டது. நகரு. உள்ளே நல்ல விஷயம் நடக்குது."

"நல்ல விஷயந்தாங்க. கேட்டுக் கேட்டுப் பாதிப் பாட்டு எனக்கே வரும்."

"அப்புறம் என்ன?"

"உங்களைச் சாத்திட்டா, எந்தப் பிள்ளை ஆசையா உட்கார்ந்திருக்கு, எந்தப் பிள்ளை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குன்னு சாமிக்கே தெரியாதுங்களே."

கதவு பல்லைக் கடித்தது.

தேவார வகுப்பு தொடங்கியதும் சபுரா என்ற பிள்ளை எழுந்து, செங்கல்லைத் தாண்டி, வெளியே புங்கமரத்தடியில் கணக்குப் போடுவாள். அந்த வகுப்பில் கட்டாயம் உட்கார வேண்டுமென்றால் படிப்பே வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். ஊரில் வேறு பள்ளிக்கூடம் இல்லை.

தாளாளர் பொன்னம்பலம் போகும்போதும் வரும்போதும் செங்கல்லை உதைப்பார். ஒருமுறை அதன் மூலை உடைந்தது. அப்போதும் அது கதவை விடவில்லை.

அந்த வருடம் அவர் மகளுக்கு மலையூருக்கு மாற்றல் வந்தது. அங்கே இருந்த ஒரே பள்ளிக்கூடம் வேறு மதத்தாருடையது. பேத்தி போனில் பேசினாள்.

"தாத்தா, இங்கே ஜெப வகுப்புல கதவைச் சாத்திடறாங்க. எழுந்து போகப் பயமா இருக்கு."

பொன்னம்பலம் போனை வைத்துவிட்டு நேரே வகுப்பறைக்கு வந்தார்.

"இன்னையோட நீ தொலைஞ்சே" என்றது கதவு.

அவர் குனிந்து, தோள் துண்டால் செங்கல்லின் புழுதியைத் துடைத்தார். உடைந்த மூலையைத் தடவினார்.

"ஏம்ப்பா, உன் கூடப் பிறந்தது ஏதாவது மலையூர்ல இருக்குதா?"

"இருக்குங்க. சட்டம் எல்லா ஊருக்கும் ஒண்ணு வச்சிட்டுத்தான் போச்சு. நல்லாத் தேடிப் பாருங்க. அங்கேயும் ஒரு பெரிய மனுஷன் காலால தள்ளிவிட்டிருப்பார்."