அடக்கமா ஒரு கத்தி

"அம்மா, நல்ல கத்தின்னா எதுங்க?"

கேட்டவர் செங்கோடன்.

மரகதம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எதை வெட்டறதுக்குங்க?"

"எல்லாத்தையும் வெட்டோணும்."

"எல்லாத்தையும் வெட்டறதுக்குப் பேரு கத்தி இல்லீங்க. வாய்."

அடுப்படியில் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்த பாவாத்தாள் சிரித்த சிரிப்புக்கு, கூரைமேல் இருந்த காக்கை பறந்து போனது.

செங்கோடன் ஒரு காலத்தில் பட்டிமன்றப் பேச்சாளர். மாமியாரா மருமகளா, காசா குணமா, எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசி ஜெயிப்பார். தலை நரைத்த பிறகு ஒருநாள், ஜெயித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. மலையடிவாரத்தில் மரகதம்மாள் நடத்துகிற குடிலுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

மரகதம்மாளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் குரு குருதானே. "அம்மா" என்றே கூப்பிடுவார். அம்மா அவரைப் "பேச்சாளரே" என்பார்.

வருஷா வருஷம் சித்திரைப் பௌர்ணமிக்குக் குடில்காரர்கள் எல்லாரும் மலையுச்சியில் இருக்கும் சுனைக்குப் போவார்கள். ஒருவர் முன்னால் நடப்பார். கையில் ஊன்றுகோல். இடுப்பில் ஒரே ஒரு கத்தி.

கூட்டத்தில் வேறு யாரிடமும் கத்தி இருக்காது. வழியை மறைக்கிற கொடியை அறுப்பதும், கயிறு கட்ட முளைக்குச்சி சீவுவதும், சுள்ளி பிளப்பதும், உச்சியில் சமையலுக்குக் காய் நறுக்குவதும் அந்த ஒன்றுதான். அது என்ன கத்தி என்பதை முன்னால் நடப்பவரே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் முன்னால் நடந்தவர் செங்கோடன்.

மடக்குக்கத்தி வைத்திருந்தார். பாதி மலையில் ஒரு முள்கொடியை அறுத்தபடியே, மடக்குக்கத்தியின் பெருமைகளை எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். "மூன்றாவதாக..." என்று ஆரம்பித்தபோது கத்தி மடங்கியது. விரல் உள்ளே இருந்தது.

எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் மாரப்பண்ணன் இருந்தார். கண் தெரியாதவர். சுனைத் தண்ணீரில் ஒருதரம் கை நனைக்க வேண்டும் என்று வந்தவர், காய்ந்த கையோடு இறங்கினார். ஒரு குறை சொல்லவில்லை. "விரல் எப்படி இருக்குதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் செங்கோடனுக்குத் தாங்கவில்லை.

"இந்த வருஷமும் நானே முன்னால போறேனுங்க அம்மா. மாரப்பண்ணனை மேல கொண்டுபோய்ச் சேர்த்தோணும்."

"போங்க. மடங்காததா, அடக்கமா ஒண்ணு கொண்டாங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், உலை கொதிக்கறப்போ கத்தி இங்க இருக்கோணும். இல்லீன்னா பாவாத்தா முன்னால போவா."

"நானுங்களா?" பாவாத்தாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "முன்னால போனா ஆரு தடுக்கி விழறாங்கன்னு பார்க்க முடியாதுங்களே. எனக்குப் பின்னாலதான் சௌகரியம்."

&nbsp;

செங்கோடன் டவுன் பஸ் பிடித்தார். மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்று டவுனில் இருந்தது.

திரும்பி வந்தவர், பாயை விரித்து, தொண்டையைக் கனைத்தார்.

"நடுவர் அவர்களே!"

"சொல்லுங்க பேச்சாளரே."

உறையிலிருந்து உருவினார். முழங்கை நீளம். முதுகில் ரம்பம் போலப் பல். பிடியைத் திருகினால் உள்ளே ஊசி, நூல், தீக்குச்சி, தூண்டில் முள். பிடியின் மூடியில் ஒரு திசைகாட்டி.

"இது கத்தி மட்டுமல்ல! ஒரு குடும்பம்!"

அம்மா ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்துக் கொடுத்தார்.

செங்கோடன் பலகையில் வைத்துக் கத்தியை இறக்கினார். வெங்காயம் எகிறி, உருண்டு, அடுப்புக்கடியில் போய் நின்றது.

"வெங்காயம் பயந்து ஓடுதுங்ண்ணா," என்றாள் பாவாத்தாள்.

அம்மா திசைகாட்டியைத் தொட்டுப் பார்த்தார். "கிழக்கு எதுங்க?"

"அதா, அந்தப் பக்கம்."

"கத்தியைப் பார்க்காமயே சொல்லிப்போட்டீங்களே."

செங்கோடன் கையைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். கத்திதான் பெரிதாக இருந்தது.

"ஓ," என்றார். "அடக்கமான்னு சொன்னீங்களே. கைக்கு அடக்கமாங்க?"

அம்மா மறுபடி கீரை ஆய ஆரம்பித்தார்.

&nbsp;

அடுத்த தடவை கைக்கு அடக்கமாகவே வந்தது. வெல்வெட் விரித்த பெட்டியில் படுத்துக்கொண்டு வந்தது.

தண்ணீர் ஓடுவது போல இரும்பு முழுக்க வரிவரியாகக் கோலம். பிடி கருங்காலி. மூக்குக் கண்ணாடியை அதில் பார்த்தே சரி செய்துகொள்ளலாம். அவ்வளவு பளபளப்பு. விலையைச் செங்கோடன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"கையில பிடிச்சுப் பாருங்க அம்மா. வெண்ணெய்."

அம்மா பிடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஒரு விறகுத் துண்டை நிறுத்தி, அதன் தலைமேல் கத்தியை வைத்து, முதுகில் தட்ட ஒரு கட்டையை ஓங்கினார்.

"ஐயோ அம்மா! கோடு விழுந்துரும்!"

ஓங்கிய கட்டை அப்படியே நின்றது.

"சுள்ளி பிளக்க வேண்டாமுங்களா?"

"வேணும்... வேற எதிலாவது..."

"மலைமேல வேற எது இருக்குதுங்க?"

செங்கோடன் கத்தியை வாங்கி, துடைத்து, பெட்டியில் படுக்க வைத்தார்.

"பொட்டிமேல ரெண்டு பூ வைக்கட்டுங்களா?" என்றாள் பாவாத்தாள்.

"நீ சும்மா இரு அம்மணி." செங்கோடன் யோசித்தார். "அப்ப, விலையும் அடக்கமா இருக்கோணுமுங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சந்தைக்கு ஓடினார். கூறு கட்டி விற்கிற கத்தியில் ஒன்றை எடுத்து வந்தார். முதல் கேரட்டிலேயே பிடி ஒரு பக்கமும் இரும்பு ஒரு பக்கமுமாகக் கழன்றது.

கேரட் முழுசாக இருந்தது.

&nbsp;

பௌர்ணமி நெருங்கிவிட்டது. வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். மாரப்பண்ணனும் வந்துவிட்டார். வந்ததும் குடிலின் தூணைத் தடவிப் பார்த்து, "இந்தத் தடவை சுனை நம்மளை விடாதுன்னு தோணுதுங்க," என்று சிரித்தார்.

செங்கோடன் நேரே அம்மாவிடம் போனார்.

"அம்மா, பெரிசுன்னா பெரிசுங்கறீங்க. ஒசத்தின்னா பூச்சாத்தச் சொல்லாத குறை. மட்டம்னா அதுவே கழண்டுக்குது. கைக்கு அடக்கம், விலைக்கு அடக்கம், இன்னும் என்ன அடக்கமுங்க பாக்கி? எது வேணும்னு ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்களேன்!"

"எனக்கு எதுவும் வேண்டாமுங்க. நானா முன்னால போறேன்?"

செங்கோடன் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒண்ணு செய்யுங்க," என்றார் அம்மா. "இன்னைக்குப் பூராவும் கத்தியே இல்லாம வேலை செய்யுங்க. எப்பெல்லாம் கத்தி வேணும்னு கை கேக்குதோ, அப்பெல்லாம் எங்கிட்ட வந்து கேளுங்க."

"கேட்டாக் குடுப்பீங்களா?"

"கேளுங்க."

முதலில் வாழையிலைக்காக வந்தார்.

"அம்மா, கத்தி. இலை அறுக்கோணும்."

"சரிங்க," என்றார் அம்மா. கத்தி கொடுக்கவில்லை. செங்கோடன் சற்று நின்று பார்த்துவிட்டுப் போய் இலையைக் கையாலேயே கிழித்தார். அது கோணலாகக் கிழிந்தது.

மூட்டைக் கயிற்றை அறுக்க வந்தார். "சரிங்க." பல்லால் கடித்தார்.

செருப்பில் ஏறிய முள்ளைத் தோண்ட வந்தார். சுள்ளியைச் சீவ வந்தார். அரிசி கழுவிய ஈரக்கையோடு, எலுமிச்சம்பழம் அரிய வந்தார். மாரப்பண்ணனின் ஊன்றுகோல் நுனி சிலும்பி நின்றது. அதைச் செதுக்க வந்தார்.

"அம்மா, கத்தி."

"சரிங்க."

"நடந்த நடைக்கு உச்சிக்கே போயிட்டு வந்திருப்பீங்களாட்ட இருக்குதுங்ண்ணா," என்றாள் பாவாத்தாள். அவள் உரிக்கிற பூண்டுக்கும் அன்று கத்தி கிடையாது. நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தது. செங்கோடன் திண்டாடிப்போய் வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு மரம் வெட்ட ஒருக்காக்கூட வரலீங்களே?" என்றார் அம்மா.

"மரத்தை எதுக்குங்க வெட்டோணும்?"

"வழியில விழுந்து கிடந்தா?"

"சுத்திக்கிட்டுப் போவோம்."

"கரடி வந்தா?"

"கரடி வந்தா நின்னு உங்ககிட்டக் கத்தி கேட்டுட்டா இருப்பேன்? ஓடத்தான் செய்வேன்!"

அம்மா சிரித்துவிட்டார். பாவாத்தாளும் சிரித்தாள். தூணோரம் இருந்த மாரப்பண்ணன், "என்னையும் கூட்டிக்கிட்டு ஓடுங்க," என்றார்.

செங்கோடனும்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை விரித்துப் பார்த்தார். பாத்திரம் கழுவிய கை இன்னும் ஈரமாக இருந்தது. நாளெல்லாம் அந்தக் கை கேட்டது எதுவும் ஒரு சாணுக்கு மேல் இல்லை.

சிரிப்பு நின்றது. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

&nbsp;

மறுநாள் முதல் பஸ். அன்று சாயங்காலம்தான் அம்மா சொன்ன கெடு.

"வாங்க வாங்க," என்றார் கடைக்காரர். "இன்னைக்கு எதைத் திருப்பிக் குடுக்க வந்தீங்க?"

"வாங்கத்தான் வந்தேனுங்க."

கடைக்காரர் மேசையில் வரிசையாக எடுத்து வைத்தார். "இது துருப்பிடிக்காத இரும்பு. இது துருப்பிடிக்கும், ஆனா சாணைக்கு லேசாப் பதம் ஏறும். எது ஒசத்தின்னு கேட்டா ஒரு பட்டிமன்றமே வைக்கலாமுங்க."

பட்டிமன்றம் என்ற சொல் காதில் விழுந்தும் செங்கோடன் கண்ணைக் கத்திகளை விட்டு எடுக்கவில்லை.

"கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றார்.

"குடிக்கறதுக்குங்களா?"

"கையை நனைக்கறதுக்கு."

ஈரக்கையால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். வெங்காயம் நறுக்குவது போல மேசையில் அழுத்தினார். சுள்ளி சீவுவது போலக் காற்றில் தள்ளினார். வழுக்கியதை ஒதுக்கினார். பிடியில் விரலுக்கு விரல் பள்ளம் வைத்து, இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று அடம் பிடித்ததையும் ஒதுக்கினார். கடைசியில் ஒன்று கையிலேயே தங்கிவிட்டது. இரும்பு உள்ளங்கை நீளம். நேரான முதுகு. சாம்பல் நிறப் பிடி. அலங்காரம் ஒன்றுமில்லை.

"இரும்பு பிடிக்குள்ள எது வரைக்கும் போகுதுங்க?"

"கடைசி வரைக்கும். மேல தட்டினாலும் கழலாது. ஈரமாச்சுன்னா துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தடவிப்போடுங்க, போதும்."

"கோடு விழுமுங்களா?"

"விழும். விழுந்தா என்னங்க?"

"அதானே. விலை எப்படி?"

"ஒசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை. நடுவுலதான்."

"நடுவுலயா!" செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மேடைகளில் நடுவரைப் பார்த்தே பேசியிருக்கிறார். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை.

&nbsp;

திரும்பும் பஸ் வழியில் டயர் பஞ்சராகி நின்றது. மிச்ச தூரத்தை நடந்தார். நடக்க நடக்க, கத்தியைப் பற்றி ஒரு பேச்சு தானாகவே மனசுக்குள் கட்டிக்கொண்டு வந்தது. அருமையான பேச்சு. பிடியில் தொடங்கி, முதுகில் ஏறி, முனையில் முடிகிற பேச்சு.

குடிலுக்குள் நுழைந்தபோது உலை கொதிக்க ஆரம்பித்திருந்தது. பாவாத்தாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, முன்னால் நடப்பவருக்கான ஊன்றுகோலைக் கையில் எடுத்திருந்தாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா," என்று அதைத் தூணில் சாத்தினாள்.

எல்லாரும் கூடிவிட்டார்கள். மாரப்பண்ணன் தூணோரம் உட்கார்ந்து காதைத் திருப்பினார்.

செங்கோடன் கத்தியைப் பலகையில் வைத்தார்.

"சொல்லுங்க பேச்சாளரே," என்றார் அம்மா. "கத்தியைப் பத்திச் சொல்லுங்க."

செங்கோடன் தொண்டையைக் கனைத்தார். பேச்சு நாக்கு நுனியில் தயாராக நின்றது.

உலை கொதித்துக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டார். பானைத் தண்ணீரில் கையைக் கழுவினார். ஈரத்தைத் துடைக்கவில்லை.

"வெங்காயம் எங்கீங்க?" என்றார்.

பாவாத்தாள் வெங்காய முறத்தை நகர்த்தினாள்.

பலகையில் சத்தம் எழுந்தது. டக், டக், டக். எந்த வெங்காயமும் ஓடவில்லை.

"நறுக்கறது ஆருங்க, பாவாத்தாளா?" என்றார் மாரப்பண்ணன்.

"இல்லீங்ண்ணா. நம்ம பேச்சாளருங்க."

"பேச்சாளரா? குரலையே காணோமே."

மாரப்பண்ணன் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தூணைத் தடவி, அதில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்து, சத்தம் வந்த பக்கமாக நீட்டினார்.

"நாளைக்கு எப்பங்க கிளம்பறோம்?"

"விடிஞ்சதும்," என்றார் செங்கோடன்.

மறுபடி டக், டக், டக்.