பதினோராவது வளைவில் மூன்றாவது கியர்

“எந்தப் பல்லு போடணும், டீச்சர்?”

லாரியை விட்டு இறங்கியதும் சடையன் கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

திலகவதி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எங்க போறதுக்கு?” என்றாள்.

“எங்க போறதுக்குன்னா? மலைக்குத்தான். மலையிலருந்து மில்லுக்கு. இருபது வருஷமா அங்கதானே போறேன்.”

“அப்ப உங்களுக்கே தெரியும். என்னை எதுக்குக் கேக்கறீங்க, அண்ணா?”

சடையனுக்குச் சுருக்கென்றது. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது, அவளுக்கு முப்பத்தாறு. ஆனால் பின் அச்சு வேலைக்கு ஆத்தூரில் அவளை விட்டால் ஆள் கிடையாது. ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலை உத்தரவு வரும்வரை அப்பாவின் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தாள். உத்தரவு இன்றுவரை வரவில்லை. கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்லும் பழக்கம் மட்டும் நன்றாக வந்துவிட்டது. டிரைவர்கள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டது அதனால்தான்.

“பெரிய டயர் போட்டேங்க,” என்றார் சடையன்.

“தெரியுது.”

“மலை ரோட்டுல பாறை. பின் அச்சுக்கு நடுவுல தொங்கற உருண்டை போய் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்ப இடிக்கிறதில்ல. தார் ரோட்டுக்கு வந்தா பறக்குது. இன்ஜின் சத்தமே கேக்கறதில்ல.”

“அப்புறம் என்ன?”

“ஏறும்போது இழுக்க மாட்டேங்குது. மூணாவதுல ஏறுன இடத்துல ரெண்டாவது கேக்குது. பல்லை மாத்துனா சரியாயிடும்னாங்க. மலையிலயும் இழுக்கணும், ரோட்டுலயும் பறக்கணும். அப்படி ஒரு பல்லு சொல்லுங்க.”

திலகவதி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்படி ஒண்ணு இருந்தா முதல்ல என் பட்டறையை மூடணும்.”

சடையன் சிரிக்கவில்லை.

சடையன் பொய் சொல்கிற ஆள் இல்லை. முழுக்கச் சொல்கிற ஆளும் இல்லை.

பல் என்று அவர் கேட்டது அச்சுக்கு நடுவில் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களை. இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்டின் முனையில் ஒரு சின்னது, அச்சில் ஒரு பெரியது. சின்னதில் ஏழு பல், பெரியதில் நாற்பத்தொரு பல் என்றால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட ஆறு சுற்று சுற்றினால்தான் டயர் ஒரு சுற்று சுற்றும். அது சடையன் வண்டியில் இருந்தது. ஆறு-நாற்பத்தொன்று போட்டால் ஷாஃப்ட் ஏழு சுற்றுக்குக் கிட்டே சுற்ற வேண்டும். இழுவை கூடும், வேகம் குறையும். இரண்டுக்கும் நடுவில் ஆறு-முப்பத்தேழு என்று ஒன்று உண்டு.

திலகவதி ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினாள். மற்றவற்றுக்குக் கட்டை கொடுத்தாள். சாக்பீஸ் எடுத்து டயரில் ஒரு கோடு போட்டாள், ஷாஃப்டில் ஒரு கோடு போட்டாள்.

“கீழ படுங்க. எண்ணுங்க.”

“எனக்கே தெரியுமேங்க. ஏழு-நாற்பத்தொண்ணு.”

“படுங்க.”

படுத்தார். வெள்ளைச் சட்டை.

“ஒத்தச் சக்கரம்தான் தூக்கியிருக்கு. அதனால ரெண்டு சுத்து சுத்தறேன். அதை ஒண்ணுன்னு வச்சுக்கங்க.”

அவள் சுற்றினாள். அவர் எண்ணினார்.

“நாலு… அஞ்சு… ஆறு. ஆறுக்கு இம்மி கம்மி.”

“பழைய டயர்ல எண்ணியிருந்தா?”

“அதே ஆறுதான். பல்லு மாறலையே.”

“அப்ப என்ன மாறிச்சு?”

“டயரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“எந்திரிங்க. வண்டியை மூணாவது கியர்ல போட்டுட்டு வாங்க. இன்ஜின் அணைஞ்சே இருக்கட்டும்.”

போட்டுவிட்டு வந்தார். திலகவதி முழ நீளத்தில் ஒரு கம்பியைத் தூக்கிய சக்கரத்தின் நட்டுகளுக்கு நடுவே செருகினாள்.

“அமுக்குங்க.”

சடையன் கையால் அமுக்கினார். பிறகு உடம்பையே போட்டு அமுக்கினார். சக்கரம் அசையவில்லை.

“யாரு பிடிச்சிருக்கா?”

“வேற யாரு, இன்ஜின்தான்.”

அவள் மூலையில் சாத்தியிருந்த நீளமான இரும்புக் குழாயை எடுத்து வந்து அந்தக் கம்பியின்மேல் மாட்டினாள். குழாயின் நுனியில் சாய்ந்தாள். சக்கரம் திரும்பியது. அணைந்து கிடந்த இன்ஜின் பெருமூச்சு விட்டதுபோல் புஸ்ஸென்று ஒரு சுற்றுப் புரண்டது.

“இன்ஜின் மாறிச்சா?”

“இல்ல.”

“கியரு?”

“இல்ல.”

“உங்களைவிட எனக்கு பலம் ஜாஸ்தியா?”

சடையன் குழாயைப் பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார். அச்சின் நடுவிலிருந்து தரைவரைக்கும் அவர் கண் மெதுவாக இறங்கி வந்தது. அந்தத் தூரம் இரண்டு மாதமாக இரண்டு அங்குலம் கூடியிருந்தது. சாலை பிடித்துத் திருப்பும் குழாய் அவ்வளவுக்கு அவ்வளவு நீண்டிருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அதாங்க ஏறும்போது இழுக்கலை,” என்றார்.

“ஏறும்போது வண்டியில என்ன இருக்கும்?”

“காலிதான். ரேஷன் மூட்டை நாலு இருக்கும்.”

“இறங்கும்போது?”

“குச்சிக்கிழங்கு. அஞ்சு டன்னு.”

“அதுக்கு மேல?”

“ஆளுங்க இருப்பாங்க. பஸ் வராத ஊருங்க. ஏழெட்டுப் பேரு.”

“இறங்கும்போது எப்படி இருக்கு?”

“இறங்கறதுக்கு என்ன? அது தானா இறங்கும்.”

இதைச் சொல்லும்போது அவர் சாலைப் பக்கம் பார்த்தார்.

திலகவதி ஸ்பேனரை எடுத்தாள். சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் டிரம்மைக் கழற்றினாள். அதை இரண்டு கையாலும் தூக்கிவந்து சடையன் கையில் கொடுத்தாள். உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. கருகின வாடை வந்தது.

“எந்த வளைவு?” என்றாள்.

சடையன் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“பதினொண்ணு.”

“என்னைக்கு?”

“போன செவ்வாக்கிழமை. எப்பவும் மூணாவதுல இறங்குவேன். இருபது வருஷமா அந்த இறக்கத்துக்கு மூணாவதுதான். அன்னைக்கும் மூணாவதுதான் போட்டேன். இன்ஜின் பிடிக்கல, வண்டி நிக்க மாட்டேங்குது. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தேன். பத்தாவது வளைவு வரைக்கும் பிடிச்சுது. பதினொண்ணுல மிதிச்சா கால் கீழ போகுது, வண்டி அது பாட்டுக்குப் போகுது. மலைப்பக்கம் மண்ணுல கொண்டுபோய்த் தேய்ச்சு நிறுத்தினேன்.”

“மேல இருந்தவங்க?”

“ஒம்போது பேரு. ஒருத்தருக்கும் தெரியாது. எங்கக்கா இருந்தா. மேலருந்தே சத்தம் போடறா, ஏன்டா தம்பி நிறுத்திட்ட, கிழங்கு காயுதுன்னு.”

 திலகவதி பக்கத்தில் குனிந்தாள். டிரம்மை அவர் மடியிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“மூணாவது வேண்டாம்னு ரெண்டாவதுல இறங்கலாமே?”

“ரெண்டாவதுல ஊர்ந்துக்கிட்டுல்ல வரணும்? அதுக்குள்ள மத்த வண்டியெல்லாம் மில்லுக்குப் போயிடும்.”

இந்த இடத்தில் மில்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மரவள்ளியை அரைக்கும் ஜவ்வரிசி மில்லின் வாசலில் முதலில் நிற்கும் வண்டிக்குக் கிழங்கு உடனே இறங்கும். கடைசி வண்டி சாயங்காலம்வரை வெயிலில் நிற்கும். இருபது வருஷமாக சடையனின் வண்டி கடைசி, இல்லாவிட்டால் கடைசிக்கு முந்தினது. பெரிய டயர் போட்ட இந்த இரண்டு மாதமாகத்தான் முதல் வண்டி. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, “வாங்க மொதலாளி,” என்கிறார். அந்த வார்த்தையை எந்த மனுஷனால்தான் எளிதில் விட முடியும்?

திலகவதி பிரேக்குக்குப் புது லைனர் மாட்டினாள். நான்கு சக்கரத்திலும் பிரேக்கைச் சரிபார்த்தாள். அது முடிய மத்தியானம் ஆனது.

“இப்ப சொல்லுங்க. எந்தப் பல்லு?”

சடையன் தயாராக இருந்தார்.

“ஆறு-முப்பத்தேழு. நடுவுல இருக்கு. ரெண்டுக்கும் ஆகும்.”

“பதினோராவது வளைவுல அதுவும் மூணாவதுல முழுசாப் பிடிக்காது.”

“ஓரளவு பிடிக்குமில்ல? மீதிக்குத்தான் புது லைனர் இருக்கே.”

குழாயைக் கண்ணால் பார்த்தவர், டிரம்மைக் கையில் வைத்திருந்தவர் இப்படிச் சொன்னார். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்.

திலகவதி வாதம் செய்யவில்லை.

“வண்டி உங்களுது. நீங்க சொல்றதை மாட்டறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் இறக்கிப் பாக்கணும்.”

“நீங்களா?”

“ஹெவி லைசென்ஸ் இருக்கு. வியாழக்கிழமை லோடு பாதி ஏத்துங்க. காலையிலயே மேல வந்துடறேன்.”

வியாழக்கிழமை வந்தாள். பழைய பல்தான், புது லைனர், பாதி லோடு. ஒன்பது பேர் மூட்டை முடிச்சோடு ஏற்கெனவே கிழங்கின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். திலகவதி டிரைவர் சீட்டில் ஏறினாள். சடையன் அடுத்த பக்கக் கதவைத் திறந்தார்.

“இங்க இல்ல, அண்ணா. மேல.”

“எங்க மேல?”

“லோடு மேல.”

“நான் வண்டி ஓனருங்க.”

“அதான் மேல.”

சடையன் கயிற்றைப் பிடித்துக் கிழங்கின்மேல் ஏறினார். இருபது வருஷத்தில் முதல் தடவை. மேலே இருந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஓனருக்கு டிக்கெட் போட்டாச்சா?” என்றான் ஒருத்தன். அக்கா வெள்ளச்சி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வண்டி இறங்கியது.

திலகவதி முதல் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியரில் போட்டிருந்தாள். இன்ஜின் உறுமிக்கொண்டே பிடித்துக்கொண்டது. வண்டி நடந்துபோகிற வேகத்தில்தான் போனது. பயப்பட ஒன்றுமே இல்லை. சடையனுக்கு அது தெரியும். சத்தத்தை வைத்தே அவரால் சொல்ல முடியும்.

ஆனால் மேலேயிருந்து ரோடு தெரியவில்லை. கேபின் கூரை தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம்.

ஆறாவது வளைவில் அவர் வலது கால் முன்னால் நீண்டது. ஒன்பதாவதில் குதிகாலால் கிழங்கை அமுக்கினார். பத்தாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். தோல் உரிந்து கிழங்கு வெள்ளையாகத் தெரிந்தது.

“ஏன்டா கிழங்கைப் போட்டு இந்த மிதி மிதிக்கிற?” என்றாள் வெள்ளச்சி.

“ஒண்ணுமில்லக்கா.”

“பயமா இருக்குதா?”

“எனக்கென்ன பயம்?”

“எனக்குப் பயமாத்தான் இருக்குது. அந்தப் புள்ள நல்லாத்தான் ஓட்டுது, இருந்தாலும் நமக்குப் பழக்கமில்ல பாரு. நீ ஓட்டுனா நான் ரெண்டாவது வளைவுலயே தூங்கிடுவேன்.”

சடையன் திரும்பிப் பார்த்தார்.

“போன செவ்வாக்கிழமை?”

“அன்னைக்கும்தான். நல்ல தூக்கம். நீ வண்டியை நிறுத்தின பிறகுதான் முழிச்சேன்.”

பதினோராவது வளைவு வந்தது. ஓரத்து மண்ணில் போன வாரம் தேய்த்த தழும்பு இன்னும் இருந்தது. சடையன் அதைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடிவாரத்தில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கிப் பஸ்ஸுக்குப் போனார்கள். வெள்ளச்சியும் போனாள்.

திலகவதி சாவியை நீட்டினாள்.

“மணி ஏழுதான் ஆகுது. இனிமே தார் ரோடு. பறந்தீங்கன்னா முதல் வண்டி நீங்கதான்.”

சடையன் சாவியை வாங்கிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“கிழங்கை இறக்கிட்டு நேரா பட்டறைக்கு வரேன். ஆறு-நாற்பத்தொண்ணை எடுத்து வைங்க.”

“ரோட்டுல பறக்காது.”

“சரிங்க.”

“பின்னாடி வர்ற வண்டியெல்லாம் உங்களை முந்தும்.”

“முந்தட்டும்.”

“மறுபடியும் மில்லு வாசல்ல கடைசியாத்தான் நிப்பீங்க.”

சடையன் கேபினில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“வரிசைன்னு ஒண்ணு இருந்தா யாராவது ஒருத்தர் கடைசியா நின்னுதானே ஆகணும், டீச்சர்.”