வட்டிலின் துளை

"சாமி, ஒண்ணு இந்த மடத்துல அந்தக் குருடன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

மருதப்பர் கத்தினார். அவருக்கு வயது அறுபது. மடத்துச் சாமிக்கு முப்பத்தைந்துதான். குருவாச்சே என்ற எண்ணமெல்லாம் கோபம் வராத நேரத்தில்தான் மருதப்பருக்கு வரும்.

மடத்தின் நேரம் அவர் கையில் இருந்தது. அடியில் துளையிட்ட செப்பு வட்டிலைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுவார். அது நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே மணி அடிப்பார். விடியலிலிருந்து எண்ணிப் பதினைந்தாம் மணிக்கு, உச்சிவேளையில், பந்திக் கதவைச் சாத்திவிடுவார். அப்புறம் ஆண்டவனே வந்து நின்றாலும் சோறு கிடையாது.

நந்தவனத்தில் பூப்பறிக்கும், கண் தெரியாத பொன்னம்பலம் மூன்று நாளாகக் கதவுக்கு வெளியே பசியோடு நின்றார்.

"ஏன் பிந்துது?" சாமி அவரிடம் கேட்டார்.

"தெரியல சாமி. பதினாலாம் மணி கேட்டதும் நந்தவனத்துல இருந்து பாடிக்கிட்டே கிளம்புவேன். நூறாவது பாட்டு முடியும்போது வாசல். அதுக்கப்புறம்தான் அடுத்த மணி அடிக்கும். இருபது வருஷமா அப்படித்தான்."

"பொய்! வழியில உட்கார்ந்து தூங்குறான்!"

சாமி வட்டிலை மிதக்க விட்டார்.

"பாடுங்க."

பொன்னம்பலம் உட்கார்ந்து பாடினார். தொண்ணூறாம் பாட்டில் வட்டில் மூழ்கியது.

"வேணும்னே இழுக்கிறான் சாமி! வேகமாப் பாடச் சொல்லுங்க!"

சாமி வட்டிலை எடுத்துத் துடைத்தார். அது பளபளவென்று இருந்தது.

"இதை எப்படித் துலக்குவீங்க?"

மருதப்பருக்குப் பெருமை தாங்கவில்லை. "புளியும் மணலும் போட்டுத் தேய்ப்பேன் சாமி. துளை அடைச்சுக்கக் கூடாதுன்னு தினமும் ஊசியால குத்திவிடுவேன்."

"எந்த ஊசி?"

"தையல் ஊசிதான். அது துளைக்குள்ள லொடலொடன்னு ஆயிடுச்சு. அதனால மூணு நாளா கோணி ஊசி..."



மருதப்பர் வட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஊரில் எல்லார் மேலும் வந்த கோபம் அன்றுதான் முதன்முதலாக அவர் மேலேயே வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு வட்டிலைக் கல்தரையில் ஓங்கி அறைந்தார்.

கணீரென்ற சத்தம் கேட்டுப் பொன்னம்பலம் பதறி எழுந்தார்.

"ஐயா, மணி அடிச்சாச்சுங்களா? இன்னைக்கும் பிந்திட்டேனா?"